வெளியே போன தடம்

வேலி ஓரம் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

தடம்.

பட்டாளத்து பூட்ஸ். எண்ணிப் பார்த்தான், ஒன்பது. எல்லாவற்றுக்கும் நுனி வேலியைப் பார்த்து இருந்தது.

திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.



அந்தப் பாலைவன முகாமில் இது தினசரி வேலை. சாயங்காலமானால் முள்கட்டை இழுத்து, வேலிக்கு உட்புறம் பன்னிரண்டடி அகலத்துக்கு மணலைச் சமமாக்கிவிடுவார்கள். விடிந்ததும் ஒருவன் சுற்றிவந்து அதை வாசிக்க வேண்டும். நரி வந்ததா, ஓணான் வந்ததா, ஆள் வந்தானா. சோற்றில் மணல், படுக்கையில் மணல், காதுக்குள் மணல். எல்லா மணலும் சனியன். இந்தப் பன்னிரண்டடி மட்டும் காவல்.

இன்றைக்கு அவன் முறை. தடம் வாசிப்பதில் கம்பெனியிலேயே கெட்டிக்காரன் என்று பெயர் வேறு.

இந்த மூலையில் மணல்மேடு ஏறி வேலியை இடுப்பளவுக்கு விழுங்கியிருந்தது. காவல் கோபுரத்திலிருந்து பார்த்தாலும் தெரியாது. மேட்டுக்கு அந்தப் பக்கம் காற்று எல்லாவற்றையும் துடைத்திருந்தது.

யார் போனான் என்று யோசிக்கவே தேவையில்லை. அருமைநாயகம்.

நாகர்கோவில்காரன். பக்கத்துக் கட்டில். பெண்டாட்டிக்கு இன்றோ நாளையோ பிரசவம். நேற்று லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

"நடந்தாவது போயிருவேன்டே" என்றான், தட்டைத் தள்ளிவிட்டு.

அப்போது இவன் சிரித்தான்.

காலையில் எழுந்தபோது அந்தக் கட்டில் காலி. கக்கூசுக்குப் போயிருப்பான் என்று விட்டுவிட்டான். வரும் வழியில் சமையல்கார தங்கப்பன் கத்திக்கொண்டிருந்தான். மூடிவைத்த சப்பாத்தியில் ஏழெட்டைக் காணோமாம். தண்ணீர் பாட்டில் இரண்டையும் காணோமாம்.

காலிக் கட்டில். சப்பாத்தி. தண்ணீர்.

அடப்பாவி, போயே விட்டாயா?

மறுபடியும் குனிந்து, காலடிகளுக்கு நடுவே இருந்த தூரத்தைப் பார்த்தான். எட்டு குறுகல். நுனி ஆழமாக இறங்கியிருந்தது, குதிகால் பட்டும் படாமலும். நுனிக்காலில் பம்மிப் பம்மிப் போயிருக்கிறான், திருட்டுப் பயல்.

ஓடிப்போனவன் என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. வேலை போகும். ஜெயில். பிறக்கிற பிள்ளை அப்பன் முகத்தைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்கும்.

ரோடு வரைக்கும் போவான். புத்தி வரும். திரும்பிவிடுவான். அதுவரை யார் கண்ணிலும் இது படக்கூடாது.

கீழே கிடந்த முள்கிளையை எடுத்தான். சுற்றிலும் பார்த்தான்.

இழுத்தான்.

ஒன்பதும் போயின.

சுபேதாருக்கு முன்னால் போய் விறைத்து நின்றான்.

"சுத்தம், சாப்."

பதினோரு வருஷ சர்வீஸில் அவன் சொன்ன முதல் பொய்.

கூடாரத்துக்கு வந்தான். அருமைநாயகத்தின் கட்டிலை வெறித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கட்டிலுக்கு அடியில் பார்வை போனது. பூட்ஸ். நேற்று பாலிஷ் போட்டுவைத்தது வைத்தபடி இருந்தது.

"எலே மக்கா!"

ரப்பர் செருப்போடு ஓடிவந்தான் அருமைநாயகம்.

"பொண்ணுடே! மூணு கிலோ! விடியதுக்கு முன்ன இருந்து சிக்னல் கூடாரத்துலதான் கெடக்கேன், போன் வந்தா எடுக்கணும்லா. என்னடே, பேயைக் கண்டவன் மாதிரி முழிக்கே?"

இவன் அவனைக் கட்டிக்கொண்டான். எலும்பு நொறுங்கும்படி கட்டிக்கொண்டான். அழுதேவிட்டான்.

"நீ போகலியாடா?"

"எங்கடே போக?"

விசில் ஊதினார்கள். வரிசையில் நின்றார்கள். கோபுரத்தில் நின்றவனையும் சேர்த்து எண்ணிக்கை ஓடியது.

முப்பத்திரண்டு.

முகாமில் இருக்க வேண்டியவர்கள் முப்பத்திரண்டு பேர். ஒருத்தனும் குறையவில்லை.

அப்பாடா என்று வந்த மூச்சு பாதியில் நின்றது.

ஒருத்தனும் குறையவில்லை என்றால், வெளியே போனது யார்?

நுனி ஆழம். குதிகால் மேலோட்டம். எட்டு குறுகல்.

பயிற்சியின்போது மைதானத்தில் எல்லாரையும் பின்பக்கமாக நடக்கவிட்டு, அந்தத் தடத்தைக் காட்டினார்கள். அருமைநாயகம் மல்லாக்க விழுந்து, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்த நாள். பின்னால் நடந்தால் நுனிதான் முதலில் அழுந்தும். எட்டு சின்னதாகிவிடும்.

அவனுக்குத் தெரியாததா? மனப்பாடம். ஆனால் காலையில் அவன் தடத்தை வாசிக்கவே இல்லை. ஆளை முடிவு செய்துகொண்டு, அப்புறம்தான் குனிந்தான்.

பின்பக்கமாக நடந்து உள்ளே வந்து சப்பாத்தியைத் தின்றவன் எங்கேயும் போகவில்லை.

வரிசை கலைந்தும் யாரும் போகவில்லை. சமாச்சாரம் பரவியிருந்தது. தங்கப்பன் சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். சப்பாத்திக் கோபமெல்லாம் போயிருந்தது. கோபுரத்தில் இருந்தவனையும் கை தட்டிக் கீழே கூப்பிட்டார்கள். முப்பத்திரண்டு பேரும் ஒரே இடத்தில், அருமைநாயகத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு.

எல்லாக் கூடாரமும் காலி. ஆயுதக் கிடங்கின் பக்கம் ஒரு ஆள் இல்லை.

அவன் உள்ளங்கையிலும் சர்க்கரை விழுந்தது. வாயில் போடவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுபேதாரிடம் போனான். 

"சாப், காலையில நான் சொன்னது பொய்."

சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே காதை அவன் பக்கம் சாய்த்தார்.