செவ்வாய் பத்து மணி

“மேஜை மேல ஏறுங்க.”

“மேடம்?”

“ஏறுங்கன்னா ஏறணும். செருப்போடயே ஏறுங்க, பரவாயில்ல.”

அவன் ஏறினான். மார்போடு அணைத்திருந்த பழைய பையையும் விடாமல் ஏறினான். அந்தப் பையை அவன் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை. ‘பையைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறார். பயம் முற்றிய நிலை’ என்று டாக்டரம்மா முதல் வாரமே நோட்டில் எழுதிவிட்டார்.

மற்ற மனநல டாக்டர்கள் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து இதமாகப் பேசுவார்கள். இந்த அம்மாவுக்கு அதெல்லாம் சரிப்படாது. போன வாரம் அவனை ஜன்னலோரம் நிறுத்தி, தெருவில் போகிறவர்களை “ஏய்!” என்று கூப்பிடச் சொன்னார். அவனும் கூப்பிட்டான். பக்கத்தில் நின்ற டாக்டருக்கே கேட்கவில்லை.

“ஆறு வாரமாச்சு,” என்றார் டாக்டர், ஃபைலால் விசிறிக்கொண்டே. ஜன்னல்களைத் திறந்து வைத்தும் அறை கொதித்தது. “ஒரு அம்மாகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். வாய் வரல. அவ்வளவுதானே?”

“ஆமா மேடம்.”

“இன்னிக்கும் சொல்லலன்னா?”

“வேலை போயிடும். அந்த அம்மா போன் மேல போன் போட்டுப் புகார் சொல்றாங்களாம். இன்னிக்கு வேலைய முடிக்கலன்னா நாளைலேர்ந்து வராதேன்னுட்டாரு மேனேஜர். அந்த அம்மாகிட்ட விஷயத்தச் சொன்னாத்தான் நான் வேலையவே ஆரம்பிக்க முடியும். ரெண்டு பிள்ளைங்க மேடம். பெரியவள இப்பத்தான் ஸ்கூல்ல சேர்த்திருக்கேன்.”

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயில்லாதவன் பெற்ற பிள்ளைகள் என்ன செய்யும்? பயந்தாங்கொள்ளி என்று சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது.

மொட்டை மாடியில் ‘டங்... டங்...’ என்று சத்தம் கேட்டது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினான்.

“சத்தத்துக்குக்கூடப் பயமா? அது ஏசி மெக்கானிக். வாரா வாரம் வந்து தட்டுறார். ஆச்சான்னு கேட்டா தலைய மட்டும் ஆட்டுறார். அத விடுங்க.” டாக்டர் அலாரம் கடிகாரத்தைத் திருகி, அவன் காலடியில் வைத்தார். “மூணு நிமிஷம். மணி அடிக்கிறதுக்குள்ள நீங்க சொல்லணும். இல்லன்னா உங்க மேனேஜருக்கு நானே போன் போடுவேன்.”

“ஐயோ! நீங்க மட்டும் பேசவே கூடாது மேடம்!”

“அப்போ நீங்க பேசுங்க. நான்தான் அந்த அம்மான்னு வெச்சுக்குங்க.”

“உங்களையா?”

“என்னையேதான். ம், ஆரம்பிங்க.”

கடிகாரம் டிக் டிக்கென்றது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை மேஜைக் கண்ணாடியில் விழுந்தது. அவன் வாயைத் திறந்தான்.

“அம்மா... நான் வந்து...”

“என்னய்யா முணுமுணுக்கிற?” டாக்டர் அந்த அம்மாவாகவே மாறி மேஜையை ஓங்கித் தட்டினார். “எனக்கு ஆயிரம் வேலை இருக்கு. சொல்றதுன்னா சொல்லு, இல்லன்னா நடையக் கட்டு!”

அவன் இறங்கி ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தான்.

“ஒரு நிமிஷம்தான் இருக்கு.”

காலையில் கிளம்பும்போது பெரியவள், “அப்பா, சாயங்காலம் புது நோட்டு வாங்கிட்டு வருவியா?” என்று கேட்டது நினைவுக்கு வந்தது. வருவேன் என்று அவளிடமும் சொல்லியாயிற்று. அவன் பையை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு கத்தினான்.

“நீங்க நினைக்கிற ஆளு நான் இல்லம்மா! அன்னிக்கு நான் உள்ள வந்ததுமே, பயப்படாதீங்க, உக்காருங்கன்னீங்க. என்னை வாயத் திறக்கவே விடல. நானும் உக்காந்துட்டேன். அடுத்த வாரமும் வாங்கன்னீங்க, வந்தேன். என் பேர்ல தப்புத்தான். ஆனா இனிமே என்னால உக்கார முடியாது! என்னை என் வேலையச் செய்ய விடுங்க!”

கடிகாரம் கணகணவென்று அலறியது.

டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார். கண்ணே கலங்கிவிட்டது அவருக்கு. “பிரமாதம்! இதை அப்படியே போய் அந்த அம்மாகிட்டச் சொல்லிடுங்க.”

“சொல்லிட்டேன் மேடம்.”

அவன் மேஜையிலிருந்து இறங்கி, ஆறு வாரத்தில் முதல்முறையாகப் பையைக் கீழே வைத்துத் திறந்தான். உள்ளே ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர், குறடு.

“உங்க ஏசிய ரிப்பேர் பண்ண வந்தவன் மேடம் நான்.”

டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. “அப்போ... மாடியில?”

“எங்க கம்பெனியில என்னைத் தவிர வேற யாரையும் அனுப்பலியே. நீங்கதான் வெளியாள் யாரையோ கூப்பிட்டிருக்கீங்கன்னு நினைச்சேன்.”

டாக்டர் அவசரமாக டைரியைப் புரட்டினார். ஆறு வாரத்துக்கு முந்தைய செவ்வாய். பத்து மணி, புது நோயாளி. பத்தரை மணி, ஏசி மெக்கானிக். அன்று பத்து மணிக்கு வந்தவனை உட்காரவைத்தார். பத்தரைக்கு மூச்சிரைக்க வந்து நின்றவருக்கு மாடிப்படியைக் கைகாட்டினார். இரண்டு பேரையுமே யாரென்று கேட்கவில்லை.

மேலே சத்தம் நின்றது. படிகளில் யாரோ மெதுவாக இறங்கி வந்தார்கள். கதவு ஒரு சாண் திறக்க, முகமெல்லாம் கரியோடு, கையில் சுத்தியலோடு ஒருவர் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார்.

“தப்பா நினைக்காதீங்க மேடம்... நீங்க சொன்னீங்களேன்னு ஆறு வாரமா தட்டிட்டேன். எனக்கு யார் எது சொன்னாலும் மறுத்துப் பேச வராது, அதுக்கு வைத்தியம் பாக்கத்தான் உங்ககிட்ட வந்தேன்... என் முறை எப்ப மேடம் வரும்?”