நாலு பேர் கேட்டால்

"ஊசிக்குப் பயந்து ஓடுற ஆளுக்கா நம்ம பொண்ணைக் கொடுக்கிறது, ருக்கு?"

சட்டையை மாட்டிக்கொண்டே கத்தினார் கணேசமூர்த்தி.

"மெதுவாப் பேசுங்க. ஸ்னேஹாவுக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருக்கு. அவ என்ன முடியையா கட்டிக்கப் போறா?"

"அவளுக்கென்ன, கட்டிக்கிட்டுப் போயிடுவா. நாலு பேர் என்னையில்ல கேப்பாங்க? 'என்ன சார், மாப்பிள்ளை தலையில ஒண்ணையும் காணோமே'ன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அவர் கவலை அவருக்கு. அறுபத்தொரு வயதிலும் அவர் தலையில் சீப்பு நுழைய அடம் பிடிக்கும். மாப்பிள்ளை அஷ்வினுக்கோ முப்பது வயதிலேயே நெற்றி உச்சிவரை ஏறிவிட்டது. கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் மாமனார் யார், மாப்பிள்ளை யார் என்று குழம்பிவிட்டால்?

அதனால்தான் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் ஒரு நிபந்தனை போட்டார். காக்ஸ் டவுனில் தெரிந்த டாக்டரம்மாவிடம் முடி முளைக்க பி.ஆர்.பி. என்ற ஊசி சிகிச்சை எடுத்துக்கொள்ள வேண்டும். "சரி மாமா" என்று பையனும் தலையாட்டினான். ஆட்டியதோடு சரி. நாள் குறித்த இரண்டு தடவையும் கடைசி நேரத்தில் போன் செய்து, "இன்னிக்கு முடியலை மாமா" என்றான். ஏன் என்று கேட்டால் மழுப்பல்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்தாதவன் பொண்ணை எப்படிக் காப்பாத்துவான்? இன்னிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். இன்னிக்கும் டபாய்ச்சான்னா சம்பந்தம் கேன்சல்!"

அஷ்வின் தங்கியிருந்த பி.ஜி. விடுதி வாசலில் போய் ஹாரன் அடித்தார்.

"மாமா, இன்னிக்கு வேணாமே... இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு..."

"ஏறுங்க மாப்பிள்ளை."

வழியெல்லாம் உபதேசம்தான். "வெளி மருந்து ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. உங்க ரத்தத்தையே எடுத்து, மிஷின்ல சுத்தி, அதுல இருக்கிற பிளேட்லெட்டைப் பிரிச்சு, உங்க தலையிலேயே ஊசியாப் போடுவாங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். இதுக்குப் போய் பயப்படலாமா?"

அஷ்வின் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டான். கணேசமூர்த்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிளினிக்கில் ரத்தம் எடுப்பதற்காக அவன் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டான். முழங்கை மடிப்பில் புத்தம்புது பிளாஸ்டர்.

கன்னடக்கார டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "மத்தே கொட்ரா? மறுபடியும் கொடுத்துட்டீங்களா, அஷ்வின்?"

"காலையில போன் வந்துச்சு டாக்டர். சின்னக் குழந்தை, டெங்கு. என்ன பண்றது?"

கணேசமூர்த்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன கொடுத்தார்? யாருக்கு?"

"பிளேட்லெட் சார். உங்களுக்குத் தெரியாதா? அதை எடுத்து வெச்சா அஞ்சு நாள்தான் தாங்கும். அதனால ஆஸ்பத்திரியில கூப்பிட்டா உடனே ஓடணும். போன ரெண்டு தடவையும் இதே கதைதான். தன் தலைக்கு வேணுங்கிறதை யாரோ ஒரு குழந்தைக்குக் கொடுத்துட்டு வந்து நிக்கிறார். உடம்பு தேறாம நான் எப்படி ஊசி போடுறது?"

கணேசமூர்த்தி குனிந்து அவன் கையைப் பார்த்தார். அந்தக் கையில் பழைய ஊசித் தடங்களும் இருந்தன. இவனையா ஊசிக்குப் பயந்தவன் என்றோம்?

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மாப்பிள்ளை?"

"இதைப் போய் எப்படி மாமா சொல்லிக்கிறது?" அஷ்வின் கூச்சத்தோடு சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

செல்போன் அடித்தது. ருக்குதான்.

"ஏங்க, ஊசி போட்டாச்சா?"

"இல்லை. இனிமே போடவும் வேணாம்."

"ஐயோ! சம்பந்தத்தை முறிச்சிட்டீங்களா?"

"முறிக்கிறதா? நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் நூறு பேரைக் கூப்பிடு!"

ருக்குவுக்குத் தலை சுற்றியது. "அப்போ, மாப்பிள்ளை ஏன் வழுக்கைன்னு நாலு பேர் கேட்டா?"

"கேக்கணும் ருக்கு! அவங்க கேட்டாத்தானே நான் சொல்ல முடியும்!"