கற்பனைக்கும் ஒரு அளவு

லிஃப்ட் மெக்கானிக் எழுதிய நாவலை எடிட்டர் அம்மாள் மேசைமேல் வைத்து ஒரு தட்டு தட்டினார்.

"பிரமாதம்! உங்க பழங்குடியிலேர்ந்து நாவல் எழுத வந்த முதல் ஆள் நீங்கதான். அச்சுக்கு அனுப்பிடலாம். ஒரே ஒரு பாத்திரம்தான் உறுத்துது."

"யாரு மேடம்?"

"அந்தப் புரொபசர் அம்மா. கதாநாயகன்கிட்ட, 'உங்க ஆளுங்களுக்குக் கதை ரத்தத்திலேயே ஓடுது, இலக்கணத்தை நாங்க பாத்துக்கறோம்'னு சொல்றாளே! படிச்சவ எவளாவது இவ்வளவு அசட்டுத்தனமா பேசுவாளா?"

"பேசுவாங்க மேடம்."

"நம்பும்படியாவே இல்லை. கற்பனைக்கும் ஒரு அளவு வேணாமா? அவளைத் தூக்கிடுங்க."

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். நாவலில் மற்றதெல்லாம் அவன் கற்பனைதான். அந்த ஒரு வசனத்தை மட்டும், போன மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டபடி, ஓர் எழுத்து மாறாமல் எழுதியிருந்தான். சொன்னவர் சாட்சாத் இந்த அம்மாளேதான்.

"சரி மேடம், தூக்கிடறேன்."

"பாருங்க, சொன்னதும் ஒத்துக்கிட்டீங்க! உங்க ஆளுங்களுக்குச் சூதுவாதே தெரியாது!"

மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினான்.

"கொஞ்சம் நிதானமா சொல்லுங்க மேடம். அடுத்த நாவலுக்கு வேணும்."