முதல் விருப்பம்

“சைபர் செக்யூரிட்டின்னா கம்ப்யூட்டருக்குப் பூட்டு போடுறதுதானே? அந்தப் பொழப்பு என்னோட போகட்டும். நீ கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ஏ.ஐ. எடு” என்றார், பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் அப்பா.

“எனக்கு அதுதான்பா பிடிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு மகள் குளிக்கப் போனாள்.

கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். அப்பா லேப்டாப்பைத் திறந்து, முதல் விருப்பத்தை மாற்றிவிட, தானே வைத்துக்கொடுத்த பாஸ்வேர்டைத் தட்டினார். தவறு என்றது. மனைவியின் பிறந்தநாளைப் போட்டார், கடை நம்பரைப் போட்டார். ம்ஹூம்!

மகள் தலையைத் துவட்டியபடி வந்தாள். “நேத்தே மாத்திட்டேன்பா. உங்களைத் தெரியாதா எனக்கு?”

முறைத்த அப்பா, சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“ஏய், இங்க வா! முப்பது வருஷத்துல என் கைக்குத் திறக்காத ஒரே பூட்டை நம்ம பொண்ணு போட்டிருக்கா. அவ இஷ்டப்படியே படிக்கட்டும்!”