மைதானத்து ஓரத்தில் ஒரு கார்

ரொவீனா ஹாரனில் கையை வைத்து அழுத்தினாள். ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு விடாமல் நீளமாக. மகள் பிரையனி கோல் போட்டுவிட்டாள்!

ஆஸ்திரேலியாவின் ஜூலை மாதக் குளிர்மழையில் கேம்பர்டவுன் ஊர்க்காரர்கள் யாரும், பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் அவர்கள் ஊர்க் கால்பந்தை வெளியே நின்று பார்ப்பதில்லை. மைதான வேலியைப் பார்த்தபடி வரிசையாகக் காரை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்துகொள்வார்கள். கைதட்டலுக்குப் பதில் ஹாரன். ஆனால் இந்தக் கோலுக்கு உள்ளூர்க் கார் ஒன்றுகூட முனகவில்லை.

பக்கத்துக் காரிலிருந்து சிவப்புத் தாடிக்காரர் ஒருவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"ரொம்ப நன்றிம்மா! கோல் போட்டது எங்க டெராங் ஊர் டீம் பொண்ணு. நீங்களும் எங்க கட்சின்னு தெரியாம இவ்வளவு நேரம் உங்களை முறைச்சிட்டிருந்தேன்."

"ஐயோ! சேத்துல சட்டை நிறமே தெரியல. என் பொண்ணுன்னு நெனச்சிட்டேன்."

"அது சரி, பெத்த பொண்ணையே அடையாளம் தெரியலையா?" தாடிக்குள் சிரித்துக்கொண்டே மழையில் நனைந்து ஓடினார்.

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ரொவீனாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

சேற்றின் மேல் பழி போட்டாளே தவிர, சற்று முன்புவரை அவள் தலையையே நிமிர்த்தவில்லை. மடியில் நூலகத்து நாவல் ஒன்று விரிந்து கிடந்தது. பதின்மூன்று வயதுப் பெண்ணோடு மல்லுக்கட்டும் ஒரு தாயின் கதை. பிரையனிக்குப் பதின்மூன்று பிறந்து, கேட்டதற்கெல்லாம் 'ம்' என்று மட்டும் பதில் வர ஆரம்பித்ததிலிருந்து ரொவீனா இப்படிப்பட்ட நாவல்களைத்தான் தேடித் தேடிப் படிக்கிறாள். கதையில் அந்தப் பெண் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுத இடத்தில் இவளும் மூக்கைச் சிந்தினாள். சொந்த மகள் அப்போது மழையில் கிடந்தாள்.

வீட்டில் படிக்க வழி கிடையாது. ஐந்து வயது இரட்டையர் இருவர்; குளியலறையில் புத்தகத்தோடு ஒளிந்தாலும் கதவை உதைப்பார்கள். மற்ற நாட்களில் முதியோர் இல்லத்து வேலை உயிரை எடுத்துவிடும். சனிக்கிழமை மட்டும், "பொண்ணு ஆட்டத்தைப் பாக்கப் போறேன்" என்று வாண்டுகளைக் கணவனிடம் தள்ளிவிட்டு வருவாள். வந்தவள் ஒரு சனிக்கிழமைகூட ஆட்டத்தைப் பார்த்ததில்லை.

இன்றாவது பார்த்துவிட வேண்டும். புத்தகத்தை மூடினாள். வைப்பரை ஓடவிட்டு, கண்ணாடியில் நெற்றி முட்டக் குனிந்து பார்த்தாள். தலைமுடியை இறுக்கிக் கட்டிய சேற்றுப் பொம்மைகள் அங்கும் இங்கும் ஓடின. இதில் என்னுடையது எது?

கண்டுபிடிப்பதற்குள் ஆட்டம் முடிந்த சங்கு ஊதிவிட்டது.

பிரையனி மழைக்கோட்டைத் தலையோடு இழுத்துவிட்டபடி வந்தாள். முன் இருக்கையில் சேறு படாமலிருக்க விரித்திருந்த பழைய துண்டை எடுத்துப் பின்னால் வீசிவிட்டு உட்கார்ந்தாள். கையிலிருந்த சூடான சிப்ஸ் பொட்டலத்தை நீட்டினாள்.

"எப்படிடா இருந்துச்சு?"

"ம்."

"நல்லாத்தான் ஆடின. தலைக்கு மேல எம்பிப் பந்தைப் பிடிச்சியே, அடேயப்பா! பக்கத்துக் கார்க்காரரே அசந்து போயிட்டார்."

பிரையனி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். "அப்புறம் எந்தப் பக்கம் ஓடினேன்?"

"அது வந்து... கோல் பக்கந்தான்."

"கோல் ரெண்டு பக்கமும் இருக்கும்மா."

ரொவீனா சாவியைத் திருகப் போனவள் கையை எடுத்துவிட்டாள். இதற்கு மேல் மூடி மறைக்க அவளால் முடியவில்லை.

"பொய் சொல்லிட்டேன், பிரையனி. இன்னிக்கு மட்டுமில்ல, எந்த வாரமும் நான் உன் ஆட்டத்தைப் பாத்ததில்ல. இங்க உக்காந்து கதை படிச்சிட்டிருந்தேன். எவளோ பெத்த பொண்ணுக்காக அழுதுட்டிருந்தேன். திட்டு. கோவிச்சுக்கோ. எது வேணா பண்ணு."

நாவல்களில் இந்த இடத்தில் பெண்கள் கார்க் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கிப் போவார்கள். ரொவீனா அதற்காகக் காத்திருந்தாள். பிரையனி ஒரு சிப்ஸை எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டாள்.

"தெரியும்."

"தெரியுமா?"

"நீ குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருக்கிறது கேன்டீன் ஜன்னல்லேர்ந்து நல்லாவே தெரியும்."

"ஆட்டத்துக்கு நடுவுல கேன்டீன்ல உனக்கு என்னடி வேலை?"

"சிப்ஸ் விக்கிறேன். எனக்கு இந்த ஆட்டமே பிடிக்கலம்மா. போன மாசமே கோச்கிட்ட சொல்லிட்டு டீம்லேர்ந்து நின்னுட்டேன்."

ரொவீனா முழுசாக அவள் பக்கம் திரும்பினாள். மழை கார்க் கூரையில் தடதடத்தது. "அப்புறம் எதுக்குடி அந்தச் சட்டையை மாட்டிக்கிட்டு, இந்தக் குளிர்ல வாராவாரம் என்னை எழுப்பி இங்க இழுத்துட்டு வர்ற?"

பிரையனி விரலில் ஒட்டிய உப்பை நக்கிக்கொண்டாள்.

"நான் வரலைன்னா, நீ எங்கம்மா உக்காந்து படிப்ப?"