அடுப்பில்லாத வீடு

"அப்பா, அடுப்பு எங்க?"

வந்த களை ஆறுவதற்குள் உஷாந்தி அடுப்படியில் நின்று கேட்டாள். காஸ் அடுப்பு இருந்த இடத்தில் ஒரு பெயின்ட் வாளி இருந்தது. அதில் வல்லாரை தளதளவென்று வளர்ந்திருந்தது.

"கீழ்க்கடை மக்கீன் நானாட்டக் குடுத்தாச்சு. சிலிண்டரும் அவரிட்டத்தான்," என்றார் பாலசுந்தரம். "இனி இந்த வீட்டில எல்லாம் பச்சைதான். மேல் மாடியில எங்கட கையால வளத்த கீரை, தக்காளி, வெள்ளரிக்காய். ஊற வைச்ச அவல், முளைவிட்ட பயறு. வேற என்ன பிள்ளை வேணும்?"

"சோறு வேணும்."

அரசாங்கக் கந்தோரில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மத்தியானம் சோறும் மீன் குழம்பும் இல்லாவிட்டால் பேனையே பிடிக்க வராது என்று சொல்லித் திரிந்தவர். போயும் போயும் அவருக்கா இந்தப் பைத்தியம் பிடிக்க வேண்டும்?

"அம்மாக்கு டூரியன் கொண்டு வந்தனான்," என்று பையைத் தூக்கிக் காட்டினாள். "லிஃப்டில வந்த மனுசி மூக்கைப் பொத்திக்கொண்டு ரெண்டாம் மாடியிலயே இறங்கிட்டா."

பாலசுந்தரம் சட்டென்று கையை நீட்டினார். "கொண்டா, பல்கனியில வைப்பம்."

"ஏன், இதுகும் உங்கட சட்டத்தில இல்லையோ? பழம்தானே அப்பா. அம்மாட கையிலதான் குடுப்பன்."

பேப்பரில் சுற்றிய பழத்தைப் பையோடு கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அதன் மணம் வாசல் வரை போனது.

கொஞ்ச நேரத்தில் நாகேஸ்வரி ஒரு கூடை தக்காளியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பை இருந்த பக்கமாகவே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தக்காளியை வெட்டத் தொடங்கினாள்.

"மெலிஞ்சு போனீங்கள் அம்மா."

"என்ன செய்யிறது பிள்ளை? உன்ர அப்பாக்கு ஆரோ யூடியூப்பில ஓதிப்போட்டாங்கள். மூண்டு மாசமா ரெண்டுபேரும் ஆடு மாடு மாதிரி இலைதான் தின்னுறம்."

"வாற கிழமை ஆடி அமாவாசை. அப்பப்பாக்கு என்னத்தைப் படைப்பீங்கள்? வெள்ளரிக்காயோ?"

"கடையில ஓடர் குடுத்தாச்சு," என்றார் பாலசுந்தரம்.

உஷாந்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படையலுக்குச் சமைக்கும்போது வாயில் வைத்து ருசி பார்க்கக் கூடாது. நாகேஸ்வரி கொதிக்கிற கறியின் மணத்தை வைத்தே உப்புக் கூடவா குறைவா என்று சொல்லிவிடுவாள். சொந்தக்காரர் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லி மெச்சுவார்கள். அந்தக் கை இருக்கிற வீட்டுக்குக் கடைச் சாப்பாடாம்.

"அம்மாவை நல்லா அவமானப்படுத்துறீங்கள் அப்பா. அம்மா, வெளிக்கிடுங்கோ. என்னோட கோட்டாஞ்சேனைக்கு வாங்கோ. அமாவாசைச் சமையலை என்ர வீட்டில நீங்களே சமையுங்கோ. இவர் இஞ்ச இருந்து இலை தின்னட்டும்."

நாகேஸ்வரியின் கத்தி நின்றது. "நான் வரேல்லை பிள்ளை."

"ஏன்?"

"இந்த மனுசனைத் தனிய விட்டிட்டு எப்பிடி வாறது? எனக்கும் பழகிப்போச்சு. பச்சைச் சாப்பாடு உடம்புக்கு நல்லம்தானே."

"இப்பத்தானே ஆடு மாடு எண்டனீங்கள்."

நாகேஸ்வரி தக்காளியைப் பார்த்தாள். பாலசுந்தரம் ஜன்னலைப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டால் தான் என்ன செய்வது என்று உஷாந்திக்கு அலுத்துப்போனது.

"சரி, என்னவோ செய்யுங்கோ. இந்தாங்கோ, உங்களுக்கெண்டு வாங்கினனான். என்ன பழமெண்டு சொல்லுங்கோ பாப்பம்," என்று பையை அம்மாவின் பக்கம் தள்ளினாள். இதையெல்லாம் ஒரு கேள்வியென்று கேட்க வேண்டுமா என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

நாகேஸ்வரி பையின் மேல் குனிந்து மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"மாம்பழம்தானே பிள்ளை?"

உஷாந்தியின் சிரிப்பு நின்றுபோனது. அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"இஞ்சேரும், பெரிய தட்டொண்டு எடுத்துக்கொண்டு வாரும்," என்றார் பாலசுந்தரம். மனைவி அடுப்படிக்குள் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"சித்திரையில வந்த காய்ச்சலோட அவவுக்கு மணமே தெரியாமப் போச்சு பிள்ளை. சித்திராப் பூரணைச் சமையல் வாயில வைக்கேலாத உப்பு. நான் பேசாமச் சாப்பிட்டன். பிறகு ஒருநாள் வெளியில போயிட்டு வந்து கதவைத் திறக்கிறன், வீடு முழுக்கக் காஸ். அவ அடுப்படியில நிண்டு நெருப்புப் பெட்டி தேடுறா."

"அவவிட்டச் சொல்லியிருக்கலாமே அப்பா."

"மணத்தில உப்புப் பாத்த மனுசியிட்ட என்னெண்டு சொல்லுறது? எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா, அப்பிடியே இருக்கட்டும். மற்றும்படி எனக்கு இந்த இலையில ஆசையே பிள்ளை?"

நாகேஸ்வரி தட்டோடு வந்தாள். உஷாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை அவிழ்த்தாள்.

"மாம்பழம் இல்லை அம்மா, டூரியன். கடைக்காரன் என்னை ஏமாத்திப்போட்டான். பாருங்கோ, கொஞ்சங்கூட மணக்கேல்லை."