கால் மணி நேரப் புகை

“இன்னும் எரிஞ்சு முடியலம்மா! இப்ப அணைச்சா எல்லாமே பாழ்!” மாடிவீட்டுக்காரர் கார்க் கண்ணாடியை இரண்டு விரல் அகலம் மட்டும் இறக்கிக் கத்தினார்.

கீழ்வீட்டு டெய்லரம்மா விடுவாளா? கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை உருவி, கார் முகப்பில் சுளீரென்று ஒன்று போட்டாள்.

“என் ஜன்னலுக்கு நேரா புகைக்குழாயை வச்சுக்கிட்டு தினமும் கால் மணி நேரம் உறும விட்டா, நான் மூச்சு விடுறதா வேண்டாமா? எனக்கு இழுப்பு இருக்குன்னு எத்தனை தடவை சொல்றது?”

“டீசல் வண்டிம்மா இது. ஃபில்டர்ல கரி சேரும், அதை வண்டியே சூடாக்கி எரிக்கும். கடைக்கும் வீட்டுக்கும் ஓடுற ஓட்டத்துல எரியாது. நிறுத்தி வச்சு ஓட விட்டுத்தான் எரிக்கணும். முன்ன ஒரு தடவை பாதியில அணைச்சு ஃபில்டரே போச்சு. அந்தத் தண்டத்தை நீயா அழுவே?”

வண்டியில் செருகிய சின்னக் கருவி ஒன்று கரிக் கணக்கை அவர் மனைவியின் போனுக்கு அனுப்பும். அதையெல்லாம் பார்க்க அவருக்குப் பொறுமை கிடையாது. அண்ணாந்து அதட்டுவதோடு சரி.

“ஏய்! எவ்வளவு ஆச்சு?”

மாடி ஜன்னலில் மனைவியின் தலை தெரிந்தது. “இன்னும் கால் மணி நேரமாவது ஆகுங்க!”

தலை மறைந்தது. அடுத்த நொடி மேலேயிருந்து ஒரு சிரிப்பு. கூடவே, பூனைக்குட்டியைக் கூப்பிடுவது போல “ச்சூ… ச்சூ… ச்சூ…”

டெய்லரம்மா இருமிக்கொண்டே அண்ணாந்து முறைத்தாள். பத்து நாளாக இதே கூத்து. கடையில் புருஷன் பக்கத்தில் உம்மென்று உட்கார்ந்திருப்பவளுக்கு, நான் இருமினால் மட்டும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது! எஞ்சின் நின்றால் அந்தச் சிரிப்பும் நின்றுவிடும். அத்தனை திமிர்.

மறுநாள் மெக்கானிக் தம்பிக்குப் போன் போட்டாள். “தினமுமாக்கா? எவன் சொன்னான்? எவ்வளவு சின்ன ஓட்டமா இருந்தாலும் வாரத்துக்கு ஒரு தடவை எரிஞ்சாலே ஜாஸ்தி” என்றான் அவன்.

போதாதா? சாயங்காலம் கார் வந்து நின்று உறுமத் தொடங்கியதும், இருமிக்கொண்டே மாடிப்படி ஏறினாள். அந்தப் போனைப் பிடுங்கி அந்த ஆள் மூஞ்சிக்கு நேராக நீட்டிவிட்டுத்தான் மறுவேலை.

கதவு ஒருக்களித்திருந்தது. “எங்கடி உன் கரிக் கணக்கு? காட்டு!” என்று போனைப் பறித்தாள்.

திரையில் கணக்கு ஏதும் இல்லை. ஒரு கைக்குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி வைத்திருந்த பெண், “அம்மா, என்னாச்சும்மா?” என்று பதறினாள்.

மாடிவீட்டுக்காரி டெய்லரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “அக்கா, சத்தம் போடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என் பொண்ணு. அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு அவ பேரையே வீட்ல எடுக்கக் கூடாதுன்னுட்டார். பேரன் பொறந்ததுகூட அவருக்குத் தெரியாது. கடையிலயும் கூடவே, வீட்லயும் கூடவே. அவர் கார்ல உட்கார்ந்திருக்கிற இந்தக் கால் மணி நேரம்தான்கா எனக்கு…”

கீழே ஹாரன் அலறியது.

“ஏய்! செத்துட்டியா? அணைக்கட்டுமா?”

மாடிவீட்டுக்காரி ஜன்னலையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். டெய்லரம்மா போனை அவள் கையிலேயே திணித்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள். புகையில் நெஞ்சு கமறியது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இருந்த குரலையெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

“சாவியிலேருந்து கையை எடுய்யா! இன்னும் பாதிகூட எரியல!”